போவதா, இருப்பதா: தேவசித்தம் தேடும் ஒரு செவிலியருக்கு

கேள்வி:

ஐயா, எனக்கு வயது 31. சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமம். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது ஆண்டுகளாகச் செவிலியராக வேலை பார்க்கிறேன். ஜெர்மன் மொழியில் பி2 தேர்வில் தேறிவிட்டேன். ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையிலிருந்து வேலைக்கான கடிதமும் வந்திருக்கிறது. அப்பா இல்லை. ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு 64 வயது. சர்க்கரை நோயால் காலில் புண் ஆறாமல் இருக்கிறது. அண்ணன் குடும்பத்தோடு சென்னையில் இருக்கிறார். வீட்டுக் கடன் என் சம்பளத்தில்தான் அடைகிறது. புத்தாண்டு பிறக்கும் இரவில் நடக்கும் வாட்ச்நைட் ஆராதனையில், ஆளுக்கொரு வேதவசனம் எழுதித் தரும் வாக்குத்தத்தச் சீட்டில் எனக்கு, “நீ உன் தேசத்தையும், உன் இனத்தையும், உன் தகப்பனுடைய வீட்டையும் விட்டுப் புறப்பட்டு” என்ற வசனம் இருந்தது. ஆனால் ஓர் உபவாச ஜெபத்தில் ஊழியக்காரர் ஒருவர் என் தலையில் கைவைத்து, “மகளே, கடலைக் கடக்காதே” என்றார். விசா நேர்காணலுக்கான தேதி 15ஆம் தேதிக்குள் கிடைத்தால் போகிறேன் என்று ஆண்டவரிடம் அடையாளம் கேட்டேன். தகவல் 17ஆம் தேதி வந்தது. இப்போது இரவுப் பணிக்கு ஒத்துக்கொள்வதா, எந்தப் பேருந்தில் ஊருக்குப் போவது என்பதற்குக்கூட அடையாளம் தேடுகிறேன். தூக்கமும் குறைந்துவிட்டது. தவறாக முடிவெடுத்துத் தேவசித்தத்துக்கு வெளியே போய்விட்டால், வாழ்நாள் முழுவதும் ஆசீர்வாதம் இல்லாமல் போய்விடுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். சீட்டில் வந்த வசனம் அதில் இருக்கிறது. ஊழியக்காரர் சொன்ன சொல் இருக்கிறது. விசா தேதியும் இருக்கிறது. ஆனால் “நான் போகட்டுமா அம்மா?” என்று நீங்கள் கேட்டதாகவோ, அதற்கு அம்மா என்ன சொன்னார்கள் என்றோ ஒரு வரிகூட இல்லை. அண்ணனிடம் இதைப் பேசியதாகவும் இல்லை. போகவேண்டும் என்று உங்களுக்கே விருப்பமா, கடனை நினைத்துத்தான் புறப்படுகிறீர்களா என்பதும் தெரியவில்லை. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இருபத்தாறு ஆண்டுகளாகச் சேகரங்களில் (சபைத் தொகுதிகளில்) குருவானவராகவும், அதில் பாதிக் காலம் ஆற்றுப்படுத்தும் (கவுன்சலிங்) பணியில் பயிற்சி பெற்றவனாகவும் இருந்துவரும் எனக்கு, தேவசித்தம் கேட்டு வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பத் தென்படுவது இதுதான். வீட்டாரோடு பேசவேண்டிய கடினமான பேச்சு ஒன்று பாக்கி இருக்கிறது. அதைப் பேசாமலே ஆண்டவர் ஓர் அடையாளத்தைக் கொடுத்து முடித்துவைத்துவிட மாட்டாரா என்று மனம் ஏங்குகிறது. அந்த ஏக்கத்தை நான் அறிவேன். எனக்கும் அது இருந்திருக்கிறது.

கடிதத்தின் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாக் கலக்கமும் அதிலிருந்துதான் கிளம்புகிறது. உங்களுக்கென்று ஒரே ஒரு பாதையை ஆண்டவர் எங்கோ மறைத்துவைத்திருக்கிறார், அதைக் கண்டுபிடிக்கத் தவறினால் கையை விட்டுவிடுவார் என்று நீங்கள் அஞ்சுகிறீர்கள். அப்படிப்பட்ட தேவனை வேதத்தில் நான் காணவில்லை. வேதத்தில் தேவனுடைய சித்தம் என்ற சொல் பெரும்பாலும் இரண்டு பொருளில் வருகிறது. ஒன்று, உலகத்தையும் நம் வாழ்வையும் அவர் நடத்திச்செல்லும் ஆளுகை; அது நமக்கு முன்கூட்டித் தெரிவதில்லை, நடந்தபின்தான் தெரிகிறது. எருசலேமுக்குப் போகவேண்டாம் என்று பவுலைத் தடுத்துப் பார்த்து முடியாமற்போனபோது, சீஷர்கள் “கர்த்தருடைய சித்தம் ஆகக்கடவது” என்று அமர்ந்தார்களே, அந்தப் பொருள். மற்றது, நாம் செய்யவேண்டும் என்று அவர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. “நீங்கள் பரிசுத்தமுள்ளவர்களாகவேண்டுமென்பதே தேவனுடைய சித்தமாயிருக்கிறது” என்று தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதுகிறார். நியாயஞ்செய்து, இரக்கத்தைச் சிநேகித்து, தேவனுக்கு முன்பாக மனத்தாழ்மையாய் நடப்பதை அல்லாமல் வேறே என்ன கேட்கிறார் என்று மீகா கேட்கிறார். இதில் மறைபொருள் ஏதும் இல்லை. “மறைவானவைகள் நம்முடைய தேவனாகிய கர்த்தருக்கே உரியவைகள்” என்று உபாகமம் 29ஆம் அதிகாரம் சொல்வது, அவருக்குரியதை நாம் துருவித் தேடவேண்டியதில்லை என்ற ஆறுதலுக்காகவும்தான்.

தவறிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு யோனாவைப் பாருங்கள். அவர் தெரியாமல் தவறியவர் அல்லர். நினிவேக்குப் போ என்ற வார்த்தையைத் தெளிவாகக் கேட்டுவிட்டு, வேண்டுமென்றே எதிர்த்திசையில் கப்பல் ஏறியவர். அவருக்கே இரண்டாந்தரம் கர்த்தருடைய வார்த்தை உண்டாயிற்று என்று மூன்றாம் அதிகாரம் தொடங்குகிறது. அறிந்தே ஓடியவரைக் கைவிடாதவர், ஜெபித்து, யோசித்து, நல்ல மனதோடு எடுத்த முடிவில் உங்களுக்குக் கணக்குப் பிசகிவிட்டது என்பதற்காகவா கைவிடுவார்? நீங்கள் ஜெர்மனிக்குப் போய் ஆறு மாதத்தில் இது தவறு என்று உணர்ந்தாலும், போகாமல் இருந்து இரண்டு ஆண்டு கழித்து வருந்தினாலும், அந்த இடத்திலும் அவர் உங்கள் மேய்ப்பராகவே இருப்பார்.

இனி நீங்கள் தேடிப்போன அடையாளங்களுக்கு வருகிறேன். வாக்குத்தத்தச் சீட்டு நம் சபைகளில் அன்போடு பேணப்படும் வழக்கம்; அதை நான் இகழமாட்டேன். இதற்கு உறவான பழைய வழக்கம் ஒன்று, நீங்கள் போக நினைக்கும் அதே ஜெர்மனியில் இருக்கிறது. ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொரேவிய சகோதரர்கள் என்ற கிறிஸ்தவச் சபையார் 1728இல் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனத்தைச் சபையாருக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். 1731ஆம் ஆண்டுக்கு அது முதன்முதலாகப் புத்தகமாக அச்சிடப்பட்டது. இன்றும் ஆண்டுதோறும் வெளிவருகிறது. அதன் பழைய ஏற்பாட்டு வசனங்கள் இன்றும் சீட்டுப் போட்டே எடுக்கப்படுகின்றன. இந்தச் சகோதரர்கள் 1760இல் நம்முடைய தரங்கம்பாடிக்கும் வந்து குடியேறியவர்கள். அவர்கள் ஒரு காலத்தில் யார் யாரை மணப்பது என்பதைக்கூடச் சீட்டுப் போட்டுத் தீர்மானித்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பழக்கத்தை அவர்களே கைவிட்டார்கள். ஆனால் தினவசனத்தைக் கைவிடவில்லை. அவர்கள் கைவிட்டதையும் வைத்துக்கொண்டதையும் சேர்த்துப் பார்த்தால் நமக்கு ஒரு தெளிவு கிடைக்கிறது. அன்றைக்கு மனதில் வைத்துத் தியானிக்க ஒரு வசனம் வேண்டும். அந்த வசனத்தை வேலை நியமன ஆணையாக வாசிக்க வேண்டியதில்லை.

உங்களுக்கு வந்த வசனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது கர்த்தர் ஆபிராமுக்குச் சொன்ன வார்த்தை. ஆபிராமின் தகப்பன் தேராகு இறந்தபின்புதான் ஆபிராம் ஆரானை விட்டுப் புறப்பட்டார் என்று அப்போஸ்தலர் ஏழாம் அதிகாரத்தில் ஸ்தேவான் சொல்கிறார். அப்படியானால் அதே வசனத்தைக் காட்டி, அம்மா இருக்கும்வரை போகாதே என்றும் ஒருவர் உங்களுக்குச் சொல்லிவிடலாம் அல்லவா? இடம் பொருள் பார்க்காமல் ஒரு வரியைப் பிரித்தெடுத்தால், நாம் எந்தப் பக்கம் சாய்கிறோமோ அந்தப் பக்கம் அதுவும் சாய்ந்துவிடும். வேதத்தைத் திறந்ததும் கண்ணில் பட்ட வசனத்தால் மனந்திரும்பியவர் என்று பழங்காலத் திருச்சபையின் பேரறிஞரான அகஸ்தீனைப் பலர் எடுத்துக்காட்டுவார்கள். 386இல் மிலான் நகரத்துத் தோட்டத்தில் அவருக்கு அப்படி நடந்தது உண்மைதான். ஆனால் அங்கே அவர் வாசித்தது, தீய வாழ்க்கையை விட்டுக் கிறிஸ்துவைத் தரித்துக்கொள்ளும்படி ரோமாபுரி சபைக்கு எழுதப்பட்ட வார்த்தை. எந்தப் பக்கத்தைத் திறந்திருந்தாலும் வேதம் அவருக்குச் சொல்லியிருக்கக்கூடிய வார்த்தை. அதே அகஸ்தீன் பின்னாளில் எழுதிய ஒரு கடிதத்தில், சுவிசேஷத்தின் பக்கங்களிலிருந்து சீட்டு எடுப்பதுபோல் எடுத்து உலகக் காரியங்களைத் தீர்மானிக்கும் வழக்கம் தமக்குப் பிடிக்கவில்லை என்று சொல்கிறார். 506இல் ஆக்ட் நகரில் கூடிய சபைப் பேரவை, வேதாகமத்தைத் திறந்து குறிபார்ப்பதைத் தடையே செய்தது.

“கடலைக் கடக்காதே” என்ற சொல்லைப் பற்றி நான் அதிகக் கவனத்தோடு பேசவேண்டும். தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள் என்று சொன்ன பவுல், அடுத்த மூச்சிலேயே எல்லாவற்றையும் சோதித்துப்பார்க்கச் சொல்கிறார். அந்த ஊழியக்காரருக்கு உங்கள் அம்மாவின் கால் புண்ணைப் பற்றித் தெரியுமா? கடன் எவ்வளவு என்று கேட்டாரா? நீங்கள் திரும்பக் கேள்வி கேட்க இடம் கொடுத்தாரா? அகபு என்ற தீர்க்கதரிசி பவுலின் கச்சையை எடுத்துத் தன் கைகால்களைக் கட்டிக்காட்டியபோது, எருசலேமில் நடக்கப்போவதைத்தான் சொன்னார். அதைக் கேட்டு எல்லாரும் பவுலைப் போகவேண்டாம் என்று மன்றாடினார்கள். பவுலோ அந்தச் சொல்லை மறுக்காமலே, போவது என்ற தம் முடிவில் நின்றார். முன்னறிவிப்பைக் கேட்டபின்பும் முடிவெடுக்கும் பொறுப்பு அவரிடமே இருந்தது.

இதை உறுதியாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. பணியின் தொடக்க ஆண்டுகளில், ஒரு குடும்பத்தார் தங்கள் நிலத்தை விற்றுக் கடை வைப்பதைப் பற்றி என்னிடம் கேட்டபோது, ஜெபத்தில் எனக்குத் தோன்றிய ஒரு வசனத்தை வைத்து “ஆண்டவர் வாசலைத் திறக்கிறார், செய்யுங்கள்” என்றேன். கடை நிலைக்கவில்லை, நிலமும் போயிற்று. நான் அந்த வீட்டுக்குப் போய், அது ஆண்டவர் சொன்னதல்ல, நான் சொன்னது என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அன்று முதல் ஒருவருடைய தொழிலுக்கோ திருமணத்துக்கோ ஆண்டவருடைய பெயரைச் சாட்சியாக வைத்து நான் ஆலோசனை சொல்வதில்லை. உங்களுக்கும் போ என்றோ இரு என்றோ சொல்லப்போவதில்லை.

கிதியோன் களத்தில் ஆட்டுத்தோலைப் போட்டு, அதில் பனி இறங்குகிறதா என்று பார்த்து அடையாளம் கேட்டதைத்தான் நீங்கள் மனதில் வைத்திருப்பீர்கள். நியாயாதிபதிகள் ஆறாம் அதிகாரத்தை முழுவதும் வாசித்தால், தோலைப் போடுவதற்கு முன்பே, இஸ்ரவேலை மீட்கப் போ என்ற கட்டளை அவருக்குக் கிடைத்துவிட்டது தெரியும். தேவசித்தத்தை அறிவதற்காக அவர் கேட்கவில்லை. அறிந்ததைச் செய்யத் துணிவு போதாமல் கேட்டார். ஆண்டவர் அந்தப் பெலவீனத்துக்கு இரங்கினார். அதை நமக்கு ஒரு முறையாக ஏற்படுத்தவில்லை. விசா நேர்காணல் தேதி தூதரகத்தில் இடம் காலியாவதைப் பொறுத்தது. ஆனாலும் 17ஆம் தேதி அந்தத் தகவல் வந்தபோது உங்களுக்குள் நடந்தது என்ன என்று நினைத்துப் பாருங்கள். இரண்டு நாள் பிந்தியதால் போகக்கூடாது என்பதுதான் நீங்களே வைத்த நிபந்தனையின்படி கிடைத்த பதில். அதை நீங்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. ஏற்றுக்கொண்டிருந்தால் எனக்கு எழுதியிருக்கமாட்டீர்கள். அப்போது மனதில் முதலில் எழுந்தது நிம்மதியா, ஏமாற்றமா? அந்தத் தேதியைவிட உங்கள் மனதில் எழுந்தது அதிகம் சொல்லும். விருப்பம் என்றாலே மாம்சத்தின் குரல் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் பிலிப்பியருக்கு எழுதும்போது, விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே என்று பவுல் எழுதுகிறார். ஆகவே உங்கள் விருப்பத்தையும் வெட்கப்படாமல் ஆண்டவர் முன் எடுத்து வையுங்கள்.

வாசல் திறந்தது, வழி அமைந்தது என்பதும் தனியே நின்று எதையும் நிரூபிக்காது. யோனா யோப்பாவுக்குப் போனபோது தர்ஷீசுக்குப் போகிற கப்பல் தயாராக நின்றது. கூலி கொடுக்கக் கையில் பணமும் இருந்தது. தாவீதைக் கொல்லத் தேடிய சவுல் ராஜா என்கேதியின் குகையில் தனியே வந்து அகப்பட்டபோது, இதுதான் கர்த்தர் சொன்ன நாள் என்று தாவீதின் ஆட்கள் சொன்னார்கள், தாவீது மறுத்தார். மனதில் சமாதானம் இருக்கிறதா என்று பார் என்பதும் நம்மிடையே வழங்கும் ஆலோசனைதான்; அதிலும் உண்மை உண்டு, ஆனால் கவனம் வேண்டும். ஓடிப்போகிற யோனா கப்பலின் கீழ்த்தட்டில் அயர்ந்து தூங்கினார். பிதாவின் சித்தத்தின் நடுமையத்தில் நின்ற நம் ஆண்டவரோ கெத்செமனேயில் மிகவும் வியாகுலப்பட்டார். நல்ல முடிவு சில வேளைகளில் கண்ணீரோடுதான் வரும். கண்ணீர் வருகிறது என்பதற்காக அது தேவசித்தம் அல்ல என்று ஆகிவிடாது.

அப்படியானால் அப்போஸ்தலர்கள் எப்படி முடிவெடுத்தார்கள்? யூதாஸின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப் போட்டுத் தெரிந்துகொண்டார்கள். அது பெந்தெகொஸ்தே நாளுக்கு முன்பு. ஆவியானவர் வந்தபின்பு அப்போஸ்தலர் நடபடிகளில் விசுவாசிகள் சீட்டுப் போட்டதாக வேறெங்கும் வாசிக்கிறதில்லை. எருசலேமில் கூடி, வாதித்து, ஒருவருக்கொருவர் செவிகொடுத்து, “பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது” என்று எழுதுகிறார்கள். மக்கெதோனியா மனிதனின் தரிசனத்தைப் பவுல் ஒருவர்தான் கண்டார். ஆனால் கர்த்தர் எங்களை அழைத்தாரென்று “நாங்கள் நிச்சயித்துக்கொண்டு” புறப்பட்டோம் என்று லூக்கா பன்மையில் எழுதுகிறார். தரிசனம் கிடைத்தபோதும் கூடியிருந்து யோசித்திருக்கிறார்கள். ரோமர் 12:2இல், தேவனுடைய சித்தம் இன்னதென்று பகுத்தறிவதைப் பற்றிப் பவுல் எழுதும் கிரேக்கச் சொல், பொன்னையும் நாணயத்தையும் மாற்றுப் பார்ப்பதற்கும் வழங்கிய சொல். உரைகல்லில் உரைத்துப் பார்க்கிற கை ஒரே நாளில் தேறுவதில்லை. உங்கள் வார்டையே நினைத்துக்கொள்ளுங்கள். மானிட்டர் எச்சரிக்கும் முன்பே, ஒரு நோயாளியின் முகத்தையும் மூச்சையும் பார்த்து ஏதோ சரியில்லை என்று உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. புதிதாகச் சேர்ந்த செவிலியருக்கு அது தெரிவதில்லை. ஒன்பது ஆண்டுகள் சிறிய காரியங்களைச் சரியாகச் செய்துவந்ததில் வந்த அறிவு அது. தேவசித்தத்தை அறியும் அறிவும் அப்படியே, தெரிந்த சித்தத்தை அன்றாடம் செய்துவருகிறவர்களுக்கு மெல்ல மெல்ல உண்டாகிறது.

எனவே, எந்தப் பேருந்தில் போவது என்பதற்கு அடையாளம் கேட்காதீர்கள். ஆண்டவர் அதை உங்கள் கையில் விட்டிருக்கிறார். இரவுப் பணிக்கு ஒத்துக்கொள்வதா என்பதில் பார்க்கவேண்டியது, உடல் தாங்குமா, உடன் பணிபுரிகிறவர்மேல் பாரம் அநியாயமாக ஏறுகிறதா என்பவற்றைத்தான். அவை உங்களுக்கே தெரியும். மருந்தின் அளவை இரண்டாம் முறை சரிபார்ப்பதும், கொடுக்காத மருந்தைக் கொடுத்ததாகக் குறிப்பேட்டில் எழுதாதிருப்பதும், அழைப்புமணியை ஐந்தாம் முறை அடிக்கும் முதியவரிடம் கடுகடுக்காமல் போவதும், உங்கள் அன்றாட வாழ்வில் ஐயத்துக்கே இடமில்லாத தேவசித்தம். இரவு படுக்கும்முன் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு, இன்று எங்கே ஆண்டவரோடு இசைந்து நடந்தேன், எங்கே விலகினேன், எதற்காக நன்றி சொல்லவேண்டும் என்று மட்டும் பாருங்கள். இயேசு சபையை நிறுவிய லொயோலாவின் இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டில் வகுத்துக்கொடுத்த இந்த வழக்கத்தைக் கத்தோலிக்கர் நெடுங்காலமாகக் கைக்கொள்கிறார்கள். நம் சபையாரும் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

அந்த இஞ்ஞாசியாரே 1522இல் மன்ரேசா என்ற ஊரில் தங்கியிருந்தபோது, செய்த பாவத்தைச் சரியாக அறிக்கையிட்டோமா, எதையாவது விட்டுவிட்டோமா என்ற ஓயாத ஐயத்தால் கடுமையாக அவதிப்பட்டவர். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகுந்த கவலை தந்தது விசா அல்ல. சிறு சிறு காரியத்துக்கும் அடையாளம் தேடித் தூக்கம் குறைந்துவிட்டது என்ற வரி. இப்படிப்பட்ட ஓயாத சரிபார்ப்பு சில வேளைகளில் பக்தியின் உடையில் வரும் பதற்ற நோயாக இருக்கும். இரண்டு வாரத்துக்கு மேலாக இது நீடித்திருந்தால், தயவுசெய்து ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். இரத்த அழுத்தம் கூடினால் மருத்துவரிடம் போ என்று நோயாளிக்குச் சொல்கிற நீங்கள், இதை விசுவாசக் குறைவு என்று எண்ணவேண்டாம். மனம் இருண்டிருக்கும் நேரத்தில் முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்பது இஞ்ஞாசியார் தந்த விதிகளில் ஒன்று. தூக்கமில்லாத வாரத்தில் புதிய முடிவும் எடுக்கவேண்டாம் என்று நான் சேர்த்துக்கொள்கிறேன்.

இப்போது முடிவுக்கு வருவோம். போவது பாவமல்ல, இருப்பதும் பாவமல்ல. இரண்டிலும் பொதுவாக நிற்கும் ஒரு கட்டளை, தாயைக் கனம்பண்ணுவது. பெற்றோருக்குக் கொடுக்கவேண்டியதை ‘கொர்பான்’ என்று தேவனுக்கு நேர்ந்துவிட்டதாகச் சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை ஆண்டவர் மாற்கு ஏழாம் அதிகாரத்தில் கடிந்துகொண்டார். தேவனுடைய அழைப்பு என்ற பெயரில் தாயை விட்டுவிடுவதற்கு அவர் இடம் கொடுக்கவில்லை. ஆனால் பராமரிப்பு எந்த வடிவத்தில் இருக்கவேண்டும் என்று வேதம் வரையறுக்கவும் இல்லை. கட்டுப்போடும் கையாகவும் இருக்கலாம்; கட்டுப்போடுகிறவருக்குக் கூலி அனுப்பும் கையாகவும் இருக்கலாம். சர்க்கரை நோயாளியின் கால் புண்ணைக் கவனிக்காமல் விட்டால் காலையே இழக்க நேரிடும் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இப்போது மதுரையில் இருக்கும்போதே அந்தக் காலுக்கு யார் கட்டுப்போடுகிறார்கள்? நீங்கள் இருக்கிறேன் என்று முடிவெடுத்தாலும் மதுரையிலேயே இருந்தால் அம்மாவுக்கு அதனால் என்ன கிடைக்கும்? ஊருக்குப் பக்கத்தில் வேலை தேடுவதும் இந்தக் கணக்கில் வரவேண்டும். புண் ஆறும்வரை சேரும் தேதியைத் தள்ளிவைக்க அந்த மருத்துவமனை ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டீர்களா? ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு கட்டுப்பாடு, இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கொடுக்கவேண்டும், உங்கள் தகுதிக்கு அங்கே முழு அங்கீகாரம் கிடைக்கும்வரை எந்தப் பதவியில் எவ்வளவு ஊதியம், வேலைக்கு அனுப்பும் முகவர் மத்திய அரசின் உரிமம் பெற்றவரா என்பவற்றையெல்லாம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் ஞானத்தில் குறைவுள்ளவனாயிருந்தால் தேவனிடத்தில் கேட்கக்கடவன் என்று யாக்கோபு எழுதும்போது, இப்படி உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் ஞானமும் அதில் அடக்கம் என்றே நான் நம்புகிறேன்.

அண்ணனிடம் “அம்மாவைப் பார்த்துக்கொள்வாயா?” என்று கேட்டால் “பார்த்துக்கொள்கிறேன்” என்பார், அதைக்கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாது. அம்மா சென்னைக்கு வந்து இருக்க வீட்டில் இடம் இருக்கிறதா, அண்ணிக்குச் சம்மதமா, மருத்துவமனைக்கு யார் கூட்டிப்போவார்கள், மாதச் செலவில் யார் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள். அண்ணியும் உடனிருக்கையில் கேளுங்கள், ஏனென்றால் அந்த வேலை பெரும்பாலும் அவர் தலையில்தான் விழும். அம்மாவிடம் கேட்கும்போது ஒரு முறை கேட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். நம் ஊர்த் தாய்மார் முதலில் சொல்வது, “எனக்கென்ன, ஆண்டவர் இருக்கிறார், நீ போ” என்பதாகத்தான் இருக்கும். பிள்ளைக்குப் பாரமாகிவிடக் கூடாது என்ற அச்சம் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும். இரண்டு நாள் கூடவே தங்கி, கட்டை அவிழ்த்துப் புண்ணைக் கழுவிக்கொண்டே, “நான் போனால் இரவில் உங்களுக்கு எது பயமாக இருக்கும்?” என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு வரும் பதிலை உங்கள் முடிவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நிலைக்கு நெருங்கிய ஒரு வரலாற்றைச் சொல்கிறேன். ஜெர்மானியப் போதகர் டீட்ரிச் போன்ஹோபர் 1939 ஜூன் மாதம் நியூயார்க்கில் இருந்தார். நாசி ஆட்சியிலிருந்தும் வரப்போகும் போரிலிருந்தும் அவரைக் காப்பாற்ற நண்பர்கள் அங்கே ஒரு பணியை ஏற்பாடு செய்திருந்தார்கள். ஊரையும் சபையையும் விட்டுவந்தது அவரை வருத்திற்று. ஜூன் 20ஆம் தேதி அந்தப் பணியை மறுத்துவிட்டார். தன்னுடைய முடிவுகளின் காரணங்கள் தனக்கே ஒருபோதும் முழுத்தெளிவாகத் தெரிவதில்லை என்று அன்றைக்கு நாட்குறிப்பில் எழுதினார். ஆறு நாள் கழித்து, ஜூன் 26ஆம் தேதி, “மாரிகாலத்துக்குமுன் நீ வந்து சேரும்படி ஜாக்கிரதைப்படு” என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய வார்த்தையை வாசித்தார். அதைத் தனக்கே சொன்னதாக எடுத்துக்கொள்வது வேதத்தைத் தவறாகப் பயன்படுத்துவதாகாது என்று எழுதினார். ஜூலையில் கப்பல் ஏறினார். 1945 ஏப்ரல் 9ஆம் தேதி பிளோசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். இதில் நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது அந்தத் தேதிகளின் வரிசை. வசனம் முடிவை எடுக்கவில்லை. தன் மக்களின் துன்பத்தில் பங்கெடுக்காவிட்டால், போருக்குப் பிறகு அவர்கள் வாழ்வைக் கட்டியெழுப்புவதில் பங்கெடுக்கத் தனக்கு உரிமை இல்லை என்ற உணர்வு அவருக்குள் முதிர்ந்து, மறுப்பும் சொல்லியாயிற்று. அதன்பின் வந்த வசனம் அவரைத் தேற்றியது. முழுத்தெளிவு கிடைக்கும்வரை அவர் காத்திருக்கவும் இல்லை.

நம் பக்கத்திலும் ஒருவர் இருக்கிறார். உங்கள் தொழிலில் இருப்பவர்கள் அவரை அறியாமல் இருக்கமாட்டார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடர் அவர். மிஷனெரியாக வாழ விருப்பமில்லாதிருந்த அவர், தாயின் உடல்நலம் குன்றியதால்தான் அமெரிக்காவிலிருந்து திண்டிவனத்துக்கு வந்தார். ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியருக்காக உதவி கேட்டார்கள். ஆண் மருத்துவரான அவருடைய தகப்பனாரை அனுமதிக்க மூவரும் மறுத்தார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அதைக் கண்ட ஐடா உடனே பணியில் இறங்கிவிடவில்லை. மருத்துவம் படித்து 1899இல் பட்டம் பெற்று, 1900இல் வேலூருக்குத் திரும்பினார். தாயைக் கவனிக்க வந்த இடத்தில்தான் அழைப்பு அவரைத் தேடி வந்தது. நீங்கள் அம்மாவுக்காகத் தங்கிவிட்டால் வாழ்க்கை அங்கேயே நின்றுவிடும் என்று அஞ்சவேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். தங்கத்தான் வேண்டும் என்பதற்காக அல்ல.

ஊருக்குப் போய் வந்தபின், மூன்று நாள் போவதென்று முடிவாகிவிட்டதுபோல் எண்ணிக்கொண்டு வேலையைப் பாருங்கள். அடுத்த மூன்று நாள் இருப்பதென்று முடிவாகிவிட்டதுபோல் இருங்கள். ஒவ்வோர் இரவும் மனம் எப்படி இருந்தது, ஜெபம் எளிதாக வந்ததா, பிறர்மேல் அன்பு கூடிற்றா, சுருங்கிற்றா என்று இரண்டு வரி எழுதுங்கள். இதே கடிதத்தை உங்கள் வார்டில் பணிபுரியும் இளைய செவிலியர் ஒருவர் உங்களிடம் கொண்டுவந்தால் என்ன சொல்வீர்கள் என்றும் எழுதிப் பாருங்கள். இஞ்ஞாசியார் தந்த யோசனைகளில் எனக்கு மிகவும் உதவியது இதுதான். பிறகு உங்கள் சேகரகுருவானவரிடமும், உங்களை நன்றாக அறிந்த, உங்கள் சம்பளத்தால் தனக்கு இலாபமோ நட்டமோ இல்லாத ஒரு மூத்த சகோதரியிடமும் எல்லாவற்றையும் திறந்து பேசுங்கள். விசா நேர்காணலுக்கு ஒரு வாரம் முன்னதாக ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அன்று முடிவெடுத்து, வீட்டாருக்குச் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு புதிய வசனமோ புதிய கனவோ வந்தால், எடுத்த முடிவில் உண்மையாய் நடக்கப் பெலன் கேட்கும் ஜெபத்தில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முடிவை மீண்டும் திறக்கவேண்டாம். புண்ணின் நிலை மோசமாவது, ஒப்பந்தம் மாறுவது போன்ற உண்மையான காரணம் வந்தால் மட்டும் மறுபடி யோசியுங்கள்.

அம்மா என்ன சொன்னார்கள் என்பதை எனக்கு எழுதுங்கள். இந்த ஞாயிறு ஆராதனையில், பெயர் சொல்லாமல், உங்களுக்காகவும் அவர்கள் காலுக்காகவும் ஜெபிக்கிறேன்.